லாலிக்கு வெட்டி வைத்த துண்டு

அக்டோபர் 19
மருமகள் நோயெமி இன்று பேத்தி லாலியைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவள் அக்கா வீடு. ஏழு வயதுப் பிள்ளை. ஒரு வருஷமாக வளரவேயில்லை. எப்போதும் குளிருகிறது என்பாள், பசி என்று கேட்டதே இல்லை. தைராய்டு சுரக்கவில்லையாம். அதனால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதாம். தொண்டையில் இருக்கிற ஒன்று நெஞ்சை எப்படிப் பிடித்தது?

அக்டோபர் 20
விடிந்ததும் கை தன்பாட்டில் இரண்டு கோப்பை கஞ்சி ஊற்றிவிட்டது.

நவம்பர் 2
இறந்தவர்களுக்குப் படையல். லாலியின் தாத்தா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிச் சொன்னேன்: "சாப்பிட்டுட்டு நேரா போய்ச் சேரு. பட்டணத்துப் பக்கம் எட்டிப் பாக்காத. பேத்தி எனக்கு வேணும்."

நவம்பர் 16
நோயெமி போன் செய்தாள். மாத்திரை கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார்களாம்.

"நிறையக் குடுத்துச் சீக்கிரம் குணமாக்கச் சொல்லேன்."

"இத்தன நாள் மெதுவா ஓடின இதயம், அத்தை. ஒரேயடியா விரட்டினாத் தாங்காது. கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஏத்துவாங்க. காலைல வெறும் வயித்துல மாத்திரை. ஒரு மணி நேரம் எதுவும் தரக்கூடாது. உங்க பால்கஞ்சி கூடவே கூடாது."

பிள்ளையைப் பட்டினி போடுவதா? இந்த வீட்டில் அப்படி நடந்ததில்லை என்றேன்.

"அதனாலதான் அங்க அனுப்பப் பயமா இருக்கு."

போனை வைத்துவிட்டேன். யாரிடம் சொல்கிறாள்! ஆறு பிள்ளை வளர்த்தவளிடம்!

டிசம்பர் 12
மாதா திருநாள். கோயில் வாசலில் பக்கத்து வீட்டுச் சோனா கேட்டாள்: "மருமக பேத்தியோட ஒரேயடியாப் போயிட்டாளா?"

"பட்டணத்துல நாலு டாக்டர் பாக்குற பிள்ளை அவ. உன் பேரனுக்கு மூக்குச் சிந்திவிடவே ஆளில்ல."

வீட்டுக்கு வந்து அழுதேன். லாலியின் சின்னச் சால்வையில் இன்னும் அவள் வாசனை — இருக்கிறதா, நானே நினைத்துக்கொள்கிறேனா?

ஜனவரி 6
மூன்று ராஜாக்கள் திருநாள். வளைய ரொட்டியை வெட்டும்போது லாலிக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தேன். உள்ளே வைத்துச் சுட்ட பொம்மை அந்தத் துண்டில்தான் வந்தது! பொம்மை கிடைத்தவர் பிப்ரவரி இரண்டில் எல்லோருக்கும் சோளமாவில் தமாலே அவித்துப் போட வேண்டும்.

சோனா கைதட்டினாள். "மாட்டினாடி உன் பேத்தி! வந்தே ஆகணும்."

நோயெமியிடம் சொன்னேன். அடுத்த ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். என் வாயிலிருந்து தானாக வந்தது: "அந்த ஒரு மணி நேரத்தை நான் காப்பேன், மகளே."

ஜனவரி 27
நீர் வற்றிவிட்டது. இதயம் பிள்ளைகளுக்குத் துடிக்க வேண்டியபடி துடிக்கிறதாம். மாத்திரை மட்டும் நிற்காது. இருக்கட்டும்.

பிப்ரவரி 2
நேற்று வந்துவிட்டார்கள். காலையில் நானே மாத்திரையைத் தண்ணீரோடு கொடுத்தேன். அடுப்பில் தமாலே வெந்து வீடெல்லாம் வாசனை.

"பாட்டி, பசிக்குது."

இந்த வாயிலா இந்த வார்த்தை!

"இன்னும் நேரமாகலடி."

"ஒண்ணே ஒண்ணு! பாதி!"

பானை மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கதவோரம் பார்த்துக்கொண்டிருந்த நோயெமி பையைத் திறந்து, பிள்ளையின் துணிகளை அலமாரியில் அடுக்கப் போனாள்.

லாலி தரையில் உருண்டு "கஞ்சக் கிழவி!" என்று கத்தினாள். என்ன தொண்டை! சோனா வீட்டுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.