கரம்பொன் அக்காவின் மெழுகுதிரி

புரட்டாதி, செவ்வாய் இரவு

இன்றைக்கு என் ஓட்டோவில் ஏறிய அக்கா பக்கத்துத் தீவிலுள்ள கரம்பொன்னைச் சேர்ந்தவர். நெடுந்தீவுக்கு முதல் தடவையாக வந்திருக்கிறார். ஏறும்போதே, "தம்பி, எனக்கு அந்தப் பழைய வெளிச்சவீட்டை மட்டும் பாத்தால் காணும்," என்றார்.

தெற்குக் கரையில் நிற்கிற கோபுரம் அது. ஒரு காலத்தில் அடியில் விறகெரித்துக் கப்பல்களுக்கு உச்சியில் வெளிச்சம் காட்டினார்களாம். அது அணைந்து எத்தனையோ தலைமுறை. ஆனாலும் அக்காவின் அப்பா கடலுக்குப் போனால் அந்தக் கோபுரத்தைக் குறிவைத்துத்தான் திசை பிடித்துக் கரை திரும்புவாராம். அவர் காலமாகி இன்றோடு ஒரு வருடம். அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்றார்.

நான் எங்கே கேட்டேன்! சுற்றிப்பார்க்க வருகிறவர்களைக் கொண்டுபோகிற வழக்கப்படி கோட்டை, அடிபருத்த பெருக்குமரம், காட்டுக் குதிரைகள் என்று ஓடினேன். "எல்லாம் வழியிலைதான் அக்கா," என்றேன். அதில் ஒன்றுகூட அந்த வழியில் இல்லை. வாய்ப்பழக்கம். தெற்கே திரும்பும்போது கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது.

அவர் ஏசவில்லை. இறங்குதுறையில் மெழுகுதிரியை என் கையில் தந்தார். "நீர் ஒருக்கால் கொளுத்திவிடும், என்ன?"

"ஓம் அக்கா, இண்டைக்கே கொளுத்திறன்."

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன். குளித்துவிட்டு உள்ளே வந்தால் கரண்ட் இல்லை. மேசையில் நான் வைத்த மெழுகுதிரியை, விசயம் தெரியாமல், மனைவி கொளுத்தியிருந்தாள். அணைக்கவும் மனம் வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை.

இந்நேரம் அக்கா அது கோபுரத்தடியில் எரிகிறதென்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பார். நான் அந்த வெளிச்சத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.