மேல்வீட்டுக்காரர்

ஜேச்சோனிலிருந்து

அன்பு மகள் யோன்ஜுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் உடம்பால் நலம், மனசைக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும், வான்கூவரில் இப்போதே குளிர் வந்திருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே. எனக்குச் சில நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, கழுவிய கிண்ணத்தையே திரும்பக் கழுவுகிறேன், தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். எல்லாம் அந்தப் பேனரால் வந்த வினை. மரச்சுத்தியால் பந்து தட்டும் போட்டியில் நானும் போங்சுவும் ஜோடியாக ஜெயித்தோம் அல்லவா, தெருக்காரர்கள் சந்தோஷத்தில் அரிசி ஆலை முனையில் 'தாக் போங்சு, பியோ ஒக்சுன் தம்பதிக்கு வாழ்த்துகள்' என்று பெரிய எழுத்தில் கட்டிவிட்டார்கள். யாரோ அதைப் படம் எடுத்துப் பென்ஷன் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பதிவு செய்யாவிட்டாலும் சேர்ந்து வாழ்ந்தால் மறுமணம்தானாம், மறுமணம் செய்தவளுக்கு உன் அப்பாவின் பென்ஷன் கிடையாதாம், நிறுத்திவிட்டார்கள்.

வக்கீல் பான் உன்னைவிட இளையவள், ஆனால் கெட்டிக்காரி. இரண்டு வழி இருக்கிறது என்றாள். போங்சு மாடியில் வாடகைக்கு இருப்பவர், எனக்கு அவர் யாரும் இல்லை என்று சொன்னால் சாதாரண கோர்ட்டிலேயே பென்ஷன் திரும்பக் கிடைக்கலாம். ஆமாம், அவர் என் கணவர்தான் என்று ஒப்புக்கொண்டால், அந்தச் சட்டமே தப்பு என்று சியோலில் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அங்கே தோற்றால் பென்ஷன் ஒரேயடியாகப் போய்விடும். நீ போனில் சொன்ன மாதிரி முதல் வழிதான் புத்திசாலித்தனம், எனக்கும் தெரியும். போங்சுவும் அதையேதான் சொன்னார். "வாடகைக்கு இருக்கிறவன்னே எழுதிக் குடு ஒக்சுன், எனக்கு என்ன குறைஞ்சிடப் போவுது" என்றார். சொன்னதோடு விட்டாரா, அன்றைக்கே தன் கிண்ணத்தையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், நூடுல்ஸ் கொதிக்க வைத்துத் தனியாகச் சாப்பிட்டார், ஒத்திகை பார்க்கிறாராம். கிம்ச்சி குழம்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். "வாடகைக்காரனுக்கு வீட்டுக்காரம்மா சோறு போடுவாங்களா" என்று கிண்டல் செய்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. உன் அப்பா பனியிலும் வெயிலிலும் தண்டவாள வேலை பார்த்து அங்கேயே உயிரை விட்டார். அந்த உழைப்புக்கு வருகிற பென்ஷனுக்கும் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்பதற்கும் என்ன சம்பந்தம், சொல். அவருடைய நினைவு நாளில் பேரிக்காய் சீவி வைத்து என்னோடு விழுந்து கும்பிடுவது இந்த மனுஷன்தானே. மறுநாள் வக்கீலிடம் கணவர் என்றே எழுதச் சொல்லிவிட்டேன். நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டாள். யோசித்தால் பயந்துவிடுவேன், எழுதும்மா என்றேன். மனு போய்விட்டது. ஜெயிப்பேனா தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. தோற்றால் சந்தையில் பூண்டு உரிக்கப் போவேன், நீ பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. போங்சு கழற்றி ஒளித்து வைத்திருந்த பேனரைத் தேடி எடுத்து, வாசலில் காயப்போட்ட மிளகாய்மேல் மூடியிருக்கிறேன், எழுத்து தெருவுக்குத் தெரிகிற மாதிரி.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், போகிற இடத்திலெல்லாம் நல்ல மனுஷர்கள் கிடைக்கட்டும். அறுவடைத் திருநாளுக்குப் போன் செய்ய மறக்காதே. மேல்வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்பாயே, அப்படி இனிமேல் கேட்காதே. இப்போதும் பக்கத்தில்தான் நிற்கிறார், மேல்வீட்டுக்காரரும் விசாரித்ததாக எழுது என்கிறார். அப்படி எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா ஒக்சுன்,
அவள் வீட்டுக்காரர் போங்சு.