கிணற்றுக்குள் கரடி

12.5.98, செவ்வாய்

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் கரடி விழுந்துவிட்டது. விலங்கியல் வாத்தியார் என்பதால் வனத்துறைக்காரர்கள் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூங்கில் ஏணியை இறக்கியாயிற்று. கரடி நன்றாக ஏறும். ஆள் அரவம் அடங்கினால் தானாக ஏறி மலைக்குப் போய்விடும்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க, அது போதும்" என்றேன்.

"நீங்க முன்னால போங்க சார், நாங்க பின்னாடியே வாரோம்" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். யாரும் நகரவில்லை. ஐஸ் வண்டி வந்து சேர்ந்தது. ஒருவர் துரட்டியைக் கிணற்றுக்குள் விட்டார்.

"என்னய்யா பண்றீங்க?"

"பிள்ள ராத்திரியெல்லாம் பயந்து அலறுது சார். தாயத்துல வைக்க ரெண்டு முடி போதும்."

பயம் போக்கும் முடியை உடைய பிராணி மூலையில் ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒருமுறை பாதி ஏணி வரை ஏறி வந்தது. எல்லோரும் சந்தோஷமாகக் கைதட்டினார்கள். சத்தத்தில் மிரண்டு கீழே விழுந்த கரடி அப்புறம் ஏணியைத் தொடவில்லை. சாயங்காலம் வெயில் தணியும்போது செத்துக் கிடந்தது. வெளியே தூக்கியதும் அம்புட்டுப் பேருக்கும் முடி கிடைத்தது.

கடைசிவரை கிணற்றடியில் நின்றவர்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் போகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.