சாகாத மனிதன்

கூலாய்,
வியாழன் மாலை

என்னங்க,

உங்கள் மாணவி ஆப்ரின் இன்று வீட்டுக்கு வந்தாள். நீங்கள் பாதியில் விட்ட பொருளாதாரக் கட்டுரையை அவளே முடித்திருக்கிறாள். உங்கள் பெயர்தான் முதலில் இருக்கிறது.

"சாரோட கணக்குல வர்ற கற்பனை மனுஷனுக்குச் சாவே கிடையாது ஆன்ட்டி. எங்க துறையில நிறையப் பேரு அப்படித்தான் வச்சிக்குவாங்க. கணக்கு ஈஸியா வரும்லா," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லித்தானே உங்களை எப்போதும் கேலி செய்வேன்.

"ஆனா மார்ச்சுல சார் போன் பண்ணி, 'அந்த மனுஷனுக்கு ஒரு முடிவு வச்சிரலாம்மா, சீக்கிரமே வர்ற மாதிரி'ன்னாரு. ஏன் சார்னு கேட்டேன். உடனே போனை வச்சிட்டாரு."

மார்ச்சில்தான் என்னிடம், அடுத்த வருடம் மெர்சிங்கில் படகேறித் தீவுக்குப் போகலாம் என்றீர்கள்.

ஜூனில் எல்லாம் முடிந்தபின், "நோய் இருக்கிறது அவருக்கு முன்னாடியே தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார். தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார் என்று அடித்துச் சொன்னேன்.

இப்போதும் உங்கள் அறைக் கரும்பலகையில் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்கிறது. கேட்டதும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். இன்று நான் வரப்போவதில்லை. நீங்கள் எழுதியது போதும். ஆப்ரினிடம் சொன்னதை, இந்தப் பக்கம் வந்து என்னிடமும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள்.

கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் மனைவி