இறைச்சிப் பைக்குள் மருந்துப் போத்தல்

அர்பாட வாப்பாவுக்கு,

மருதானைக்கு, உம்மா வீட்டுக்குப் போறேன். சோறும் ஆணமும் அடுப்பில் ஈக்குது.

ஃபிரீசரில் இருந்த, பெருநாளைக்கு அறுத்த குர்பான் இறைச்சிப் பை ஒன்றை மேல்வீட்டு பௌசியா மாமிக்குக் கொடுத்தேன். அவ திரும்பி வந்து, "மகள், இதுக்குள்ள இறைச்சி இல்லையே, மருந்துதானே ஈக்குது" என்றா. மூன்று சின்னப் போத்தல். ஒளிச்சு வைக்க வேற இடமா கிடைக்கல்ல?

எனக்குக் கோபத்தை விட இது என்னவென்று அறியத்தான் ஆசை. பார்மசியில் வேலை செய்யும் சஹ்லாவுக்குப் படம் அனுப்பினேன். பெப்டைட் என்ற ஊசி மருந்தாம், உறைய வைத்துக் காயவைத்த தூளாம். தூளாக இருக்கும்வரை ஃபிரீசர் நல்லதாம். வெளியே எடுத்தால் குளிர் போனபிறகுதான் திறக்கணுமாம், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்து ஈரம் பிடிக்குமாம். ஊசி போடத் தண்ணியில் கலந்தபிறகு ஃபிரீசரில் வைக்கவே கூடாதாம். கீழே பிரிட்ஜ் தட்டில்தானாம், அதுவும் கொஞ்ச நாளைக்கு மட்டும்.

நீங்க கலந்த ஒன்று கல்லாக உறைந்து கிடந்தது. அதைப் பாவிக்க வேண்டாம். தூள் இரண்டும் மாஜரின் டப்பாவில், ஃபிரீசரில் ஈக்குது. எந்த டாக்டர் எழுதித் தந்தார் என்று சஹ்லா கேட்டாள். டாக்டரிட்ட காட்டும்வரை தொடாதீங்க.

மாமிக்கு மாட்டு மருந்து என்று சொன்னேன். இப்ப அவ இறைச்சியே வேண்டாம் என்கிறா.

இன்னொன்று. தோள் நோவுக்கு என்று போத்தல் லேபலில் போட்டிருக்கு என்று சஹ்லா சொன்னாள். பெருநாளன்று அர்பா தோளில் ஏறக் கேட்டபோது நீங்க விலகினது அதுக்கா?