உம்மாவின் முதல் புள்ளி

சனி, இரவு.

இன்று உம்மா முதல் தடவையாக டெனிஸ் நடுவரின் உயரக் கதிரையில் ஏறினா. பத்து வருடம் சம்பளத்துக்கு விளையாடி, முழங்கால் நோவால் விட்டவ. இன்று சரியாகச் செய்தால்தான் மாகாணப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள்.

விளையாடிய காலத்தில் தன் புள்ளியைத் தானே சொல்லிப் பழகிய வாய். முதல் புள்ளியிலேயே, "பதினைந்து எனக்கு!" என்று கத்திவிட்டா; டெனிஸில் முதல் புள்ளிக்குப் பதினைந்து என்றுதான் கணக்கு. மைதானமே சிரித்தது.

"மிஸ், நீங்களும் விளையாடுறீங்களா?" என்றாள் விளையாடியவர்களில் ஒருத்தி.

உம்மாவும் சிரித்தா. "இல்ல மகள், அந்தக் காலம் முடிஞ்சி" என்று சொல்லி, புள்ளியைத் திருத்தினா. பிறகு இரண்டு மணித்தியாலம் ஒரு பிழையும் இல்லை. கோட்டில் பட்ட பந்தை வெளியே என்று விளையாடியவர்கள் எவ்வளவு வாதாடியும் உம்மா அசையவில்லை. மாகாணத்துக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்!

கல்முனைக்குத் திரும்பும்போது பஸ்ஸில், "வெட்கமா இருக்கல்லயா உம்மா?" என்று கேட்டேன்.

"இருந்திச்சி. அதுக்காக இறங்கி ஓடுறதா?"

மைதானத்தில் எல்லோரும் சிரித்த நேரம் பக்கத்திலிருந்த பிள்ளை என்னிடம், "அது உங்கட உம்மாவா?" என்று கேட்டாள். நான், "இல்லை" என்றேன்.

உம்மா இன்னும் தூங்கவில்லை. குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. போய் அதைச் சொல்லப்போகிறேன்.