திருச்சுழியில் ஆறு நாள் மழை

யாராலும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டின் ஆடுகிற பெஞ்சில் அமர்ந்து, நெஞ்சில் கை வைத்து உறுதி கூறுகிறேன். நீ மட்டும் நம்புவாய். கதைக்குள்ளேயே இருந்தவன் நீ. இருந்தும் அதை இன்று உன்னிடமே சொல்லவேண்டியிருக்கிறது.

காலையில் பந்தல்குடி சைட்டுக்குப் போயிருந்தேன். புதுத் தூண்களுக்குச் சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வெயிலில் ஈரச் சாக்கு வேகிற வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது உன் சட்டை வாசனை. இன்ஜினியர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொன்னேனா என்றுகூட நினைவில்லை, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு லாரி ஒன்றில் தொற்றி வந்துவிட்டேன். இதுவரை மூன்று டீ வாங்கியாயிற்று. ஒன்றும் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

நம் கம்பெனிக்கு அந்த சாஃப்ட்வேர் வந்த வரலாற்றைப் பரணியாகப் பாடத்தான் ஆளில்லை. முதலாளியின் மகனுக்கு, மதுரையில் உட்கார்ந்தபடியே பதினொரு சைட்டையும் செல்போனில் பார்க்க ஆசை வந்தது. எத்தனை ஆள், எத்தனை மூட்டை சிமெண்ட், தளத்தை நனைத்தாயிற்றா, எல்லாம் அன்றன்றைக்குப் படத்தோடு ஏறவேண்டும். ஏறினால் சைட் பச்சை, ஏறாவிட்டால் சிவப்பு. பதினொரு நாட்டிலும் பச்சைக்கொடி நாட்டும் சக்கரவர்த்தியாக என்னை நியமித்தார். இருபது வருடம் ஸ்டோரில் ஆணி எண்ணியவன் நான். "ஒனக்கு என்ன தகுதின்னு குடுத்தாகலே?" என்று கேட்டாய். ஆபீஸிலேயே என் போனுக்குத்தான் உறை இருந்தது, வேறென்ன தகுதி வேண்டும்?

ஆனால் மகுடத்தோடு ஒரு கத்தியும் தலைக்கு மேல் தொங்கியது. மாதக் கடைசியில் ஒரு சைட் சிவப்பாக இருந்தாலும், என் நாற்காலியில் சென்னையிலிருந்து ஒரு ஆளை உட்காரவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து நான் தூங்கியதே இல்லை. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் சிவப்புத்தான் தெரிந்தது.

சிவப்பு என்றால் உன் திருச்சுழி சைட்டு. கல்யாண மண்டபத்துக்குச் சாப்பாட்டுக்கூடம் கட்டிக்கொண்டிருந்தாய். வேலையாட்களின் வருகையை முகம் பார்த்துப் பதிகிற வசதி ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? காலையில் முகம் கழுவி வந்த எட்டுப் பேரையும் அது கண்டுகொண்டது. சாயங்காலம் சிமெண்ட் அப்பிய முகங்களை அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஆகவே, வந்தவர் எவரும் வெளியேறவில்லை என்று பதிந்தது. மாதம் முடிவதற்குள் இருநூறு பேர் உன் சைட்டுக்குள்ளேயே தங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சோறாக்க ஆள் கேட்டு நீ எனக்கு போன் செய்தாய். சிரிக்கவே இல்லை நீ.

அதைக்கூடச் சமாளித்தோம். தண்ணீரைத்தான் சமாளிக்க முடியவில்லை. மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட பிறகு மூன்று நாள் தண்ணீர் லாரி வந்தது, பாத்தி கட்டி நிறுத்தினாய். அப்புறம் லாரி வரவில்லை. நனைத்த தளத்தின் படம் ஏறாவிட்டால் சைட் சிவப்பு. படம் வேண்டாம் என்று அந்த யந்திரம் விட்டுக்கொடுப்பது ஒரே ஒரு காரணத்துக்குத்தான்: மழை. மழை பெய்தால் தளம் தானாகவே நனைந்திருக்கும் என்பது அதன் எண்ணம். அதை எழுதிய புண்ணியவான் நம் பக்கம் பஸ்ஸில்கூடக் கடந்திருக்கமாட்டார்.

நீ சவூதியில் பதினேழு வருடம் கான்கிரீட்டோடு கிடந்து வந்தவன். அங்கே தண்ணீருக்குப் பதில் ஐஸ் போட்டுக் குழைத்ததைச் சொல்வாய். இங்கே ஐஸுக்கு எங்கே போவது? சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்து தெளித்தாய். அத்தனை பெரிய தளம் அதை உறிஞ்சிவிட்டு இன்னும் கேட்டது. "கான்கிரீட்டுக்குத் தாகம் எடுத்தா கத்தாது மாப்ளே. ஒரேயடியா விழுந்துரும்" என்று சொன்னாய்.

லாரி வராத அந்த ஆறு நாளும் திருச்சுழி சைட்டின் பெயரில் மழை பதிவாகியது. முதல் நாள் தூறல். மூன்றாம் நாள் குண்டாற்றில் கரை கொள்ளாத வெள்ளம். ஐந்தாம் நாள் பஸ்ஸுக்குப் பதில் படகு விட்டார்கள். ஆறாம் நாள் மண்டபத்து வாசலில் ஒரு திமிங்கிலம் புரண்டு படுத்துக்கொண்டு, பந்திக்கு இலை போட்டாச்சா என்று விசாரித்தது. நான் இதை இப்படித்தான் எல்லோரிடமும் சொல்வேன்.

கான்கிரீட் போட்ட பத்தாம் நாள் காலை நான் வந்தபோது, தளத்துக்கு அடியில் கொடுத்திருந்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்க நாலு பேர் வந்து இறங்கியிருந்தார்கள். மண்டபத்தில் முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்று மதுரையிலிருந்து உத்தரவு. தளத்தைத் தாங்கிய முட்டுகளுக்கு நடுவே, ஒன்றைக் கையால் பிடித்தபடி நீ நின்றிருந்தாய். உன் போனில் முதலாளியின் மகன் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, சிஸ்டத்துல ஆறு நாள் மழை இருக்கு. நல்லா நனைஞ்சிருக்கும். பிரிச்சிருங்க."

"ஒரு சொட்டு விழுகல தம்பி. இப்பப் பிரிச்சா இந்த நாலு பேரு தலையிலதான் எறங்கும்."

"அப்ப மழைன்னு போட்டது யாரு?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தேன்.

"நான்தான் தம்பி. கை தவறிருச்சு."

"ஆறு நாளுமா?"

"ஆறு நாளும் தவறிருச்சு."

கூட்டத்தில் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீ என்னைப் பார்த்ததை மட்டும் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

பிரிப்பது நின்றது. எங்கிருந்தோ லாரி வந்தது. இரண்டு வாரம் நிஜத் தண்ணீர் குடித்துவிட்டு அந்தத் தளம் இன்றுவரை நிற்கிறது, கீழே பந்தி நடக்கிறது. பொய்ப்பதிவு போடுகிறவரிடம் சைட்டைக் கொடுக்க முடியாது என்று உன்னை அனுப்பிவிட்டார்கள். கம்பெனி போனைத் திருப்பிக் கொடுக்க என் மேஜைக்கு வந்தாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுலே. எனக்குக் கொத்துக்கரண்டி இருக்கு, எங்கயும் பொழச்சுக்கிருவேன். ஒனக்கு அந்த நாக்காலிய விட்டா என்ன இருக்கு?" என்றாய். அதையும் ஒரு வேடிக்கையாக்கிச் சிரித்துவிட்டு உன்னை அனுப்பிவைத்தேன்.

மல்லாங்கிணறில் சின்னச் சின்ன வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாய். நம் ஆட்கள் உனக்கு மழைக்காரர் என்று பேர் வைத்தார்கள். காதுகுத்து, சடங்கு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதையைச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் வெள்ளத்தை ஒரு முழம் ஏற்றினேன். வெள்ளம் ஏற ஏற, மழை என்று அமுக்கியது யார் என்று கேட்க எவருக்கும் தோன்றாது.

உன்னை மையவாடியில் அடக்கம் செய்த அன்றும் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்கள் கூடச் சிரித்தார்கள். உனக்கு நாற்பதாம் நாள் பாத்தியா ஓதியபோது வந்திருந்தேன், உன் வீட்டுக்காரி டீயைக் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"அண்ணே, எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறாக. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பொய்யி எழுதுற ஆளா அவுக? ஒங்களுக்குத் தெரியாததா?"

நான் திமிங்கிலத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தினமும் ஏதாவது ஒரு சைட்டில் ஏறித் தளத்தின் ஈரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். அந்த யந்திரத்தில் இப்போது 'தண்ணீர் லாரி வரவில்லை' என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு வருடம் சண்டை போட்டுச் சேர்த்தேன். அதை அமுக்கினால் சைட் சிவப்பாகும், ஆனால் எவரும் பொய் சொல்லவேண்டியதில்லை. அந்த வரி யாருடையது என்று மதுரையில் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். ஏன் என்று கேட்டதற்கு மட்டும் வழக்கம்போல் மழுப்பினேன்.

மல்லாங்கிணறு பஸ் இரண்டு போய்விட்டது. மூன்றாவது வந்து நிற்கிறது, இதில் ஏறிவிடுவேன். உன் வீட்டு வாசலில் உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டேன், நின்றபடியே உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவேன். திமிங்கிலம் கிடையாது. படகு கிடையாது. இருநூறு பேர் என்பதெல்லாம் என் வாய் கட்டிய கோட்டை. தண்ணி வரலைன்னு போடு என்று ஆறு நாளும் நீ எனக்கு போன் செய்தாய். ஆறு நாளும் ஆபீஸில் உட்கார்ந்து, உன் பெயரில் உள்ளே நுழைந்து, மழை என்று அமுக்கிய விரல் என்னுடையது. இந்தக் கதையில் அது மட்டும் நிஜம்.